சாய்வுப்பாதைக்கு ஒரு படலை

"இனி ஆம்பிளையள் தூக்கேலாது, சேர்."

சரோஜா அக்கா இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. மகளின் சக்கர நாற்காலிக்கு முன்னால் வந்து கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்திருந்தது. நிலானியைத் தூக்கிப் படியேற்ற வழக்கம்போல வந்த விளையாட்டு ஆசிரியரும் பதினோராம் வகுப்புப் பெடியன்கள் இரண்டு பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள்.

நிலானி ஆறாம் வகுப்பு. கடைசிச் சண்டையில் முதுகில் செல் துண்டு பட்டு, இடுப்புக்குக் கீழே இயங்காமல் போன பிள்ளை. பெரியபிள்ளையாகி, வீட்டில் இருத்தி, தண்ணீர் வார்த்து, எல்லாம் முடிந்து அன்றைக்குத்தான் மறுபடி பள்ளிக்கூடம் வந்திருந்தாள். தலையில் எண்ணெய் மினுங்கியது. வெள்ளைச் சட்டையில் சலவை நீலத்தின் வாசம் அடித்தது. அவள் ஒருவரையும் பார்க்காமல் மடியில் இருந்த புத்தகப் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட அதிபர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"அப்ப என்ன செய்யிறது, சரோஜா? நீரே சொல்லும்."

அவர் நின்ற இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் போதும். அதே கட்டடத்தின் மற்ற அந்தத்தில், சக்கர நாற்காலி ஏறுவதற்கென்றே கட்டிய சாய்வுப்பாதை இருந்தது. நல்ல அகலம். இரண்டு பக்கமும் கைபிடிக்கு இரும்புக் குழாய். அடியில் குறுக்கும் நெடுக்குமாக முள்ளுக்கம்பி. அந்தக் கம்பிக்கு உள்ளே, சீமெந்துத் தரையின் குளிர்ச்சியில், எப்படியோ புகுந்துவிட்ட ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஆடு உள்ளே. பிள்ளை வெளியே. சரோஜா அக்கா கதிரையைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வயது போகப் போகக் கோபம் ஆறும் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் இல்லை. இதை எழுதுகிறபோதும் பேனா கடதாசியைக் கிழிக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு நான் தலைமன்னார்க்காரி, கடற்தொழில் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம் என்பதெல்லாம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் ஆசிரியை ஆகியிருக்கவில்லை. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடப் பயிற்சிக்காகப் பெருநிலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டிருந்தேன். எல்லோருக்கும் நான் "பயிற்சி ரீச்சர்".

பாப்பாமோட்டைக்கு அப்பால், பூநகரி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு வயல் கிராமம். பெயர் வேண்டாம். அந்த அதிபர் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சனங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து ஒரு போகம்தான் விதைத்திருந்தார்கள். வீடுகளுக்குத் தகரக் கூரை. பாதையின் இருமருங்கும் மிதிவெடி எச்சரிக்கைக்கு மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள். காலை பஸ்ஸில் மன்னார்ப் பாலம் தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடிக்கும், இறங்கும்போது புழுதி அடிக்கும். மத்தியானத்துக்குள் என் சேலையில் இரண்டும் கலந்துவிடும்.

உட்படுத்தல் கல்வி என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஏற்றபடி பிள்ளையை மாற்றுவதல்ல, பிள்ளைக்கு ஏற்றபடி பள்ளிக்கூடத்தை மாற்றுவது என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழைய பேச்சு. என்னுடையது நல்ல சுரைக்காய்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டத்தான் ஆளில்லை.

நாடா வெட்டிய நாள்

நான் போய்ச் சேர்ந்த புதிதில்தான் அந்தக் கட்டடத்தைத் திறந்தார்கள். வெளிநாட்டு உதவி. வாழைமரம் கட்டி, மேளம் பிடித்து, நிறைகுடம் வைத்து, ஊரே திரண்டிருந்தது. நாடாவை வெட்டக் கத்தரிக்கோலை நிலானியின் கையில்தான் கொடுத்தார்கள். அவள் வெட்டிவிட்டு, தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிச் சாய்வுப்பாதையில் ஏறினாள். கமராக்கள் மின்னின. வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

பிள்ளைகள் அந்தப் பாதைக்குச் "சறுக்கி" என்று பெயர் வைத்தார்கள். இடைவேளையில் நிலானி மேலேயிருந்து கதிரையை விட, பின்னால் ஒரு பட்டாளமே கத்திக்கொண்டு ஓடும். அந்த மாதங்களில் அவள் யாரையும் எதற்கும் கேட்கவில்லை. வந்தாள், ஏறினாள், படித்தாள், இறங்கினாள்.

பிறகு அறுவடை முடிந்து மாடுகள் வந்தன.

இந்த மாடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சனம் இடம்பெயர்ந்து ஓடியபோது பட்டிகளை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் ஓடியது. அவை காட்டோடு காடாகத் திரிந்து, கன்று போட்டுப் பெருகி, ஊர் திரும்பியபோது யாருடையவை என்று யாருக்கும் தெரியாத கட்டாக்காலிகளாக நின்றன. குறிசுட்ட அடையாளம் பார்த்து ஆளுக்காள் சண்டை பிடித்தார்கள். சண்டை தீருமட்டும் மாடுகளுக்கு ஊர் முழுக்கச் சொந்தம். வயலில் அறுத்த தாள் ஒட்டை மேய்ந்து முடிந்ததும் பொழுதுபட அவை பள்ளிக்கூடத்துக்கு வரும். சறுக்கியில் ஏறி விறாந்தையில் படுக்கும். காலையில் வகுப்பு வாசலெல்லாம் சாணம்.

அதிபருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இடம்பெயர்ந்த காலமெல்லாம் மரத்துக்குக் கீழே வகுப்பு நடத்திய மனுசன். புதுச் சுவரில் யாராவது பிள்ளை கை வைத்தால் தன் கைலேஞ்சியால் துடைப்பார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஆமி தன் முகாமை எடுத்துக்கொண்டு போனபோது விட்டுப்போன முள்ளுக்கம்பி ஊரெல்லாம் கிடந்தது. அதில் ஒரு சுருளைக் கொண்டுவந்து சறுக்கியை அடைத்தார். சாணம் வருவது நின்றது. மறுநாள் காலை நிலானி வந்து கம்பிக்கு முன்னால் கதிரையை நிறுத்தினாள்.

உடனே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. முன்பக்கப் படிகளால் தூக்கி ஏற்றுவது. காலையில் ஏற்ற மூன்று பேர், பின்னேரம் இறக்க மூன்று பேர். நடுவில் அவளுக்கு ஒன்றுக்குப் போக வந்தால் அடக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாற்றுத் திறனாளிகளுக்கென்று கட்டிய மலசலகூடத்தில் மிஞ்சிய சீமெந்துப் பைகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள்.

நிலானியைத் தூக்குவது பள்ளிக்கூடத்துக்கே பெருமையாகிவிட்டது. சுவர்ப் பத்திரிகையில் ஒரு பிள்ளை படம் கீறி, கீழே "மனிதநேயம்" என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தில் கம்பி இல்லை.

முதல் வரிசை

இந்த இடத்தில் எனக்கு றெஜினாவின் நினைவு வரும்.

தலைமன்னாரில் எங்கள் தெருவில் இருந்தவள். பிறவியிலேயே காது கேளாது. ஞாயிறு பூசைக்கு அவளை எப்போதும் முதல் வரிசையில், பீடத்துக்கு நேர் எதிரே இருத்துவார்கள். திருநாளுக்குச் சுரூபம் சுற்றிவரும்போது மெழுகுதிரி அவள் கையில்தான். வருகிற போகிற சிஸ்டர்மார் எல்லாரும் அவள் தலையில் கை வைத்துச் செபிப்பார்கள். அவளை எல்லாருக்கும் பிடிக்கும்.

அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. கொண்டுபோனபோது, இந்தப் பிள்ளைக்கு நாங்கள் எப்படிப் படிப்பிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோயிலில் முதல் வரிசை, வகுப்பில் கடைசி வாங்குகூட இல்லை. நான் பாலர் வகுப்புக்குப் போகிற காலத்தில் அவள் கடற்கரை வாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதும் அதுதான் செய்கிறாள்.

வேதக்காரர்தான் இப்படி, சைவக்காரர் வேறு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வருடச் சிவராத்திரிக்குச் சரோஜா அக்கா மகளைத் திருக்கேதீஸ்வரம் கூட்டிப்போனார். நானும் போயிருந்தேன். நெரிசலில் சனம் ஒதுங்கி வழி விட்டது. அது நல்ல விஷயம்தான். ஆனால் ஒதுங்கியவர்களில் சிலர் போகிற போக்கில் அவள் மடியில் காசு போட்டார்கள். அவள் கை நீட்டவில்லை. புதுப் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, சாமி பார்க்க வந்த பிள்ளை. சரோஜா அக்கா ஒவ்வொரு காசுக் குற்றியாகப் பொறுக்கி எடுத்து, கொடுத்தவர்களுக்குப் பின்னாலேயே போய், "நாங்கள் கும்பிட வந்தனாங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார்.

இரக்கப்படுவதற்கு எங்கள் சனத்தை அடிக்க ஆளில்லை. ஒரு நாளைக்கென்றால் தோளிலும் சுமப்பார்கள். மற்ற நாள்களைப் பற்றிக் கேட்டால்தான் முகம் மாறும்.

கிழமைக்கு ஒருக்கா

சரோஜா அக்கா மகளைத் திருப்பிக்கொண்டு போன அன்று மத்தியானமே அதிபர் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கட்டும், நீர் கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாரும் என்றார். தாய் சொல்வதிலும் நியாயம் இருக்குதுதானே என்றும் சொன்னார்.

தாய் சொன்னது ஆம்பிளைகள் தூக்கக் கூடாது என்று. பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டு, முடிச்சைத் தாயின் தலையில் வைத்துவிட்டார்.

போனேன். தகரக் கூரை, மண் சுவர், முற்றத்தில் கத்தரியும் மிளகாயும். சரோஜா அக்கா வாளியால் அள்ளி அள்ளி வளர்த்த தோட்டம். மன்னார்ச் சந்தைக்கு அதில் ஆய்ந்துதான் அனுப்புவார். புருசன் இல்லாத வீட்டுக்கு அதுதான் உழைப்பு.

வீட்டுக்குள் சக்கர நாற்காலிகள் இரண்டு மடித்துச் சாத்தியிருந்தன. மேடைகளில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தவை. முதுகில் கொடுத்தவர்களின் பெயர் பெரிதாக ஒட்டியிருக்கும். சின்னச் சக்கரம், மணலில் புதையும். அவள் பாவித்தது மூன்றாவது ஒன்று.

நிலானி என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லவில்லை. கணக்குப் பாடம் எதில் நிற்குது என்று கேட்டாள். பின்னம் முடிந்துவிட்டது என்றேன். முகம் செத்துப்போனது.

தூக்கிக்கொண்டு போவதைப் பற்றி அன்றைக்குத்தான் அவள் முதல்முதல் என்னிடம் கதைத்தாள். முன்னமே, சடங்குக்கு முதலே, அவளுக்கு அது பிடிக்கவில்லையாம். சட்டை மேலே ஏறும், இழுத்துவிட ஒரு கை வேண்டும், ஆனால் விழாமல் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பெடியன்கள் பகிடி விட்டுக்கொண்டு தூக்குவார்களாம், கெட்ட பகிடி இல்லை, சும்மா பகிடி.

"தூக்கேக்குள்ள நான் கண்ணை மூடிக்கொள்ளுவன், ரீச்சர். ஏறினாப் பிறகுதான் திறப்பன்."

அதுவரை எல்லோரும் பார்த்துப் பெருமைப்பட்ட காட்சியை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. கல்லூரியில் இரண்டு வருடத்தில் படிக்காததை அந்த மண் விறாந்தையில் படித்தேன். உதவி வேறு, வழி வேறு. வழி இருந்தால் அவளுக்கு அந்த உதவியே தேவைப்படாது.

நான் புறப்பட்டபோது அவள் படலை வரைக்கும் வந்தாள். பனஞ்சலாகை அடித்த சாதாரணப் படலை. ஒரு பக்கம் கட்டையில் சுழலும், மற்றப் பக்கம் கொளுவ ஒரு கம்பி வளையம். கதிரையில் இருந்தபடியே வளையத்தைத் தூக்கி, படலையைத் தள்ளி, எனக்கு வழிவிட்டு, மறுபடி கொளுவினாள். வெளியே ஒழுங்கையில் இரண்டு கட்டாக்காலி நின்று கத்தரிச் செடிகளை ஏக்கத்தோடு பார்த்தன.

"மாடு வராதோ?" என்று கேட்டேன்.

"படலை இருக்கெல்லோ, ரீச்சர்" என்றாள். பிறகு என்னை நேரே பார்த்தாள். "சறுக்கிக்கும் ஒண்டு போட்டால் என்ன?"

பஸ்ஸுக்கு நடந்த வழியெல்லாம் அந்த ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வீடு படலை. தகரத்தில், பனையில், பழைய கட்டிலின் இரும்பில். மாடு வரக் கூடாது, மனுசர் வர வேண்டும் என்றால் என்ன செய்வது என்று அந்த ஊரில் தெரியாத ஆள் ஒருவர் இல்லை. அதிபர் வீட்டுக்கும் படலைதான். பிறகு ஏன் பள்ளிக்கூடத்தில் மட்டும் கம்பி அடித்தார்கள்? போய் வர ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் படலை போடத் தோன்றும். அந்தப் பாதையால் போய் வர ஓர் ஆள் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

எல்லாருக்கும் ஒரே சட்டம்

அடுத்த நாள் அதிபரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கட்டடம் வெளிநாட்டுக்காரர் தந்தது, துளை போட்டால் கணக்காய்வில் கேள்வி வரும் என்றார். துளை வேண்டாம், குழாயில் கட்டலாம் என்றேன். பிள்ளைகள் படலையைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். வீட்டில் பூட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே தெரியாதா என்றேன். அவருக்கு முகம் சிவந்தது.

"ஒரு பிள்ளைக்காக ஒவ்வொண்டாச் செய்துகொண்டிருக்கேலாது, பயிற்சி ரீச்சர். எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்டு. எல்லாருக்கும் ஒரே படி, எல்லாருக்கும் ஒரே சட்டம். அதுதான் சமத்துவம்."

படியேற முடிந்தவர்களுக்கெல்லாம் ஒரே படி! எனக்கு வாய் அடங்கவில்லை. சமத்துவம் என்றால் மாட்டையும் பிள்ளையையும் ஒரே கம்பியால் மறிக்கிறதோ என்று கேட்டுவிட்டேன். பயிற்சி முடிவில் உமக்கு அறிக்கை எழுதுவது நான்தான் என்பதை அவர் மெதுவாக நினைவூட்டினார். பின்னாளில் எழுதவும் எழுதினார், "ஒத்துழைப்புக் குறைவு" என்று. அந்த இரண்டு சொல்லையும் நான் இன்றைக்கும் பட்டம் போல வைத்திருக்கிறேன்.

பெற்றார் கூட்டத்திலும் எழும்பிச் சொல்லிப் பார்த்தேன். பாவம்தான் என்றார்கள். பாவம்தான், ஆனால் பொம்பிளைப் பிள்ளை, அதுவும் கால் ஏலாதது, படித்து எங்கே போகப் போகுது என்றார் ஒருவர். சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தான் வளர்த்த கன்றைப் பற்றிக் கதைக்கிற அக்கறையோடுதான் சொன்னார்.

கிழமைக்கு ஒருக்கா நான் போனேன். ஒரு வகுப்பு ஐந்து நாளில் படிப்பதை ஒரு பின்னேரத்தில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நிலானி பின்தங்கிக்கொண்டே வந்தாள். தோழிமார் முதலில் தினமும் வந்தார்கள், பிறகு இடைக்கிடை, பிறகு வரவில்லை.

படம் எடுக்க வந்தவர்கள்

மாரி தொடங்குகிற நேரம், கட்டடம் தந்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

அன்று விடியவே அதிபர் தன் கையால் கம்பியை அறுத்தார். சறுக்கி கழுவப்பட்டது. கைபிடிக் குழாய்கள் துடைக்கப்பட்டன. சீமெந்துப் பைகள்கூட எங்கோ மாயமாகி, மலசலகூடத்தில் சவர்க்காரம் வைக்கப்பட்டது. நிலானியை ஏற்றிவர ஓட்டோ போனது. ஓட்டோக் காசு பள்ளிக்கூடம் கொடுத்தது. மாதக்கணக்கில் முடியாதது எல்லாம் ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடியாமல் இல்லை, வேண்டாமல்தான் இருந்தது.

வெள்ளை வாகனங்கள் வந்தன. அதே பெண்மணி, கூட ஒரு மொழிபெயர்ப்பாளத் தம்பி, கமராக்காரர் ஒருவர். நிலானியைச் சறுக்கியின் அடியில் நிறுத்தினார்கள். கமராக்காரர் மேலே போய்க் குந்தியிருந்து கையைக் காட்டினார்.

நிலானி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஏறு பிள்ளை என்று அதிபர் தட்டிக்கொடுத்தார்.

"நாளைக்கும் திறந்திருக்குமோ, சேர்?"

கேட்டது அவ்வளவுதான். எல்லோருக்கும் கேட்டது. அதிபர் சிரித்துக்கொண்டே, வந்தவர்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றார்.

"நாளைக்கும் திறந்திருக்குமெண்டால் ஏறுறன்."

பெண்மணி என்னவென்று விசாரித்தார். மொழிபெயர்ப்பாளத் தம்பி அதிபரின் முகத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு வெட்கமாம் என்று இங்கிலீசில் சொன்னார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில், வெட்கம் இல்லை, கேள்வி கேட்கிறாள் என்றேன். கேள்வியையும் சொன்னேன். இலக்கணம் பிழைத்திருக்கும், விஷயம் பிழைக்கவில்லை. பெண்மணி அதிபரைப் பார்த்தார். அதிபர் சரோஜா அக்காவைப் பார்த்தார். சரோஜா அக்கா ஒருவரையும் பார்க்காமல் மகளுக்குப் பின்னால் போய், கதிரையின் பிடியில் கை வைத்தார். தள்ளவில்லை. சும்மா வைத்துக்கொண்டு நின்றார்.

நிலானி ஏறவில்லை. படம் எடுக்கப்படவில்லை. கட்டாயம் கவனிப்பதாகப் பெண்மணி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கவனித்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை மாடுகள் வந்தன. அதற்கடுத்த நாள் கம்பியும் வந்தது.

பொன்னாடை

ஒரு திங்கட்கிழமை நான் பஸ்ஸால் இறங்கிப் போகும்போது வாசலில் கூட்டம். சறுக்கியில் கம்பி இல்லை. அது ஒழுங்காகச் சுருட்டப்பட்டு அதிபரின் கந்தோர் வாசலில் கிடந்தது. கம்பி இருந்த இடத்தில், இரண்டு குழாய்களுக்கும் நடுவே, கயிறு சுற்றி இறுக்கிக் கட்டி ஒரு படலை நின்றது. பனஞ்சலாகைப் படலை. கொளுவ ஒரு கம்பி வளையம்.

சரோஜா அக்கா தன் வீட்டுப் படலையைப் பிடுங்கி வந்து கட்டியிருந்தார்.

"ஆரைக் கேட்டு இதைக் கட்டினனீர்?" என்றார் அதிபர்.

"நீங்கள் ஆரைக் கேட்டு அடைச்சனீங்கள், சேர்?"

நிலானி வளையத்தைத் தூக்கினாள், தள்ளினாள், உள்ளே போனாள், திரும்பிக் கொளுவினாள். கண்ணைத் திறந்துகொண்டு தன் பாட்டில் மேலே உருண்டு போய் வகுப்புக்குள் நுழைந்தாள். மாடுகள் அன்று பொழுதுபட வந்து, படலையைக் கண்டு, திரும்பிப் போயின. அதிபர் படலையை அகற்றவில்லை. விஷயம் வலயக் கல்விக் கந்தோர் வரைக்கும் போய்விட்டது என்று பயந்தாரோ, உண்மையிலேயே மனம் மாறினாரோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

இதோடு கதை நல்லபடி முடிந்தது என்று நீங்கள் பக்கத்தை மூடலாம். அந்த ஊரும் அப்படித்தான் நினைத்தது.

வருட முடிவில் பரிசளிப்பு விழா. அதிபர் பேச எழுந்தார். நல்ல பேச்சாளர். தன் வீட்டுப் படலையையே பள்ளிக்கூடத்துக்குத் தந்த ஒரு தாயின் தியாகம் என்று தொடங்கினார். அடைத்தது யார் என்பது அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை. பேச்சு முடிய, சரோஜா அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சிந்தினாள். தியாகம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் எங்கள் கடமைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு சமாதி கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மேடைக்குப் படி மட்டும்தான். நிலானி கீழே மணலில், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைதட்டவில்லை. அம்மாவுக்கு மாலை மரியாதை எல்லாம் நடக்குது, உனக்குச் சந்தோஷம் இல்லையோ என்று குனிந்து கேட்டேன்.

படலை போன நாளிலிருந்து அம்மா பொழுதுபட முள்ளு வெட்டி வாசலில் போட்டு அடைக்கிறவ என்றாள். நேற்று விடியக்குள்ள மாடு முள்ளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திட்டுதாம். கத்தரி ஒன்றும் மிச்சமில்லை, மிளகாயும் போயிட்டுது என்றாள். அழாமல், பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்.

சபையில் இன்னும் கைதட்டல் ஓயவில்லை.

"எல்லாரும் கைதட்டுகினம், ரீச்சர்" என்றாள் நிலானி. "ஒருத்தரும் எங்களுக்கு ஒரு படலை கட்டித் தரேல்லை."